தாவுக்குப் போன பையன்கள்

டீக்கடைக்காரன் காதில் விழுவதில் பாதி பொய். எந்தப் பாதி என்பதுதான் கடைசிவரை பிடிபடாது. கடை நடத்தி அவதிப்பட்டவர்கள் யாராவது இதை வாசித்தால் தலையாட்டுவார்கள். தொண்ணூறுகளில் கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் எனக்கு ஒரு டீக்கடை இருந்தது. அங்கே சுற்றித் திரிந்த சுடலை என்ற பையன் ஊரைவிட்டுப் போன கதையை, அவன் கூட்டாளி இசக்கி சொல்லித்தான் கேட்டேன். அதைப் பல வருஷம் சந்தேகப்பட்டுக்கொண்டே பிறருக்கும் சொல்லி வந்திருக்கிறேன்.

ஜன்னல் வழி

மதுரை பஸ் உள்ளே திரும்பும்போதே பையன்கள் ஓடிப்போய்த் தொற்றி, ஜன்னல் வழியாக உள்ளே விழுந்து, துண்டைப் போட்டு சீட்டில் படுத்துக்கொள்வார்கள். சொல்லிவைத்த ஆள் ஏறி வந்ததும் இடத்தைக் கொடுத்துவிட்டு, சில்லறையை வாங்கிக்கொண்டு, வந்த வழியே குதித்துவிடுவார்கள். இதற்கு அவர்கள் வைத்த பெயர் 'தாவு'. போகப்போக மூட்டை இறக்குவது, நின்றுபோன வண்டியைத் தள்ளுவது, எனக்குத் தண்ணீர் எடுத்து ஊற்றுவது எல்லாமே தாவு ஆகிவிட்டது. "தாவு உண்டா அண்ணாச்சி?" என்றால் ஏதாவது வேலை இருக்கிறதா என்று அர்த்தம்.

சுடலைக்குப் பத்து வயதிருக்கும். இசக்கி நாலைந்து வயது மூத்தவன். ஆள் பிடிப்பது இவன்; தாவுவது அவன். கல்யாணத்துக்குக் கிளம்பிய இடைசெவல்காரர் ஒருவர், பஸ் நிற்பதற்குள் சீட்டில் கிடந்த சுடலையைப் பார்த்துக் கேட்டார்: "ஏலே, நீ டிப்போவிலேயே ஏறிட்டு வந்தியா, இல்ல பஸ்ஸுக்குள்ளயே பொறந்தியா?"

வெள்ளாட்டுத் தாவு

புதூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர், சாப்பிட்டு வரும்வரை பார்த்துக்கொள் என்று இரண்டு வெள்ளாடுகளைச் சுடலையிடம் விட்டுப் போனார். அந்த நேரம் பார்த்து மதுரை பஸ் வந்தது. கயிற்றை என் பெஞ்சுக் காலில் கட்டிவிட்டு ஓடிவிட்டான். ஆடுகள் பெஞ்சில் கிடந்த பேப்பரைத் தின்றுவிட்டு வாழைத்தாருக்கு எம்பின. நான் போட்ட சத்தத்தில் சுடலை தலைகுனிந்து நின்றான். அவனுக்கும் சேர்த்து எப்போதும் போல இசக்கிதான் பேசினான்: "விடுங்க அண்ணாச்சி, நேத்துப் பேப்பரத்தான தின்னிச்சி! இன்னைக்குள்ள நியூஸ் தப்பிச்சிட்டுல்லா!"

அப்பா வந்த காலை

அந்தப் பையன்களில் பாதிப்பேர் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகாமல் தப்பி வந்தவர்கள். எங்கள் பக்கம் தொழிற்சாலையைத்தான் ஆபீஸ் என்போம். விடியுமுன் ஊர் ஊராக வேன் வந்து பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போகும். சுடலையைக் காட்டி அவன் அப்பா முன்பணம் வாங்கியிருந்தார். ஒருநாள் காலையில் கடைக்கே வந்து அவன் சட்டையைப் பிடித்தார். முன்பு தீப்பெட்டி ஆபீஸில் பட்ட தீக்காயம் பையனின் முழங்கையில் வழுவழுவென்று மின்னியது.

"சின்னப் பையனாச்சே" என்று இழுத்தேன். கெட்ட மனிதர் என்று அவரைச் சொல்ல மாட்டேன். மழை இல்லாமல் உளுந்து செடியிலேயே கருகிய வருஷம் அது. என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "அங்கன ஒக்காந்து குச்சி அடுக்கட்டும் அண்ணாச்சி. இங்கன பஸ்ஸுல அடிபட்டுச் செத்தாம்னா, வாங்குனதுக்கு நான் யாரக் கொண்டுபோய் விடுவேன்?"

இறங்காத பஸ்

சில நாளில் சுடலை ஆபீஸிலிருந்து தப்பி மறுபடி பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிட்டான். அன்றைக்கும் மதுரை பஸ்ஸில் தாவினான். இசக்கி அந்த ஜன்னலுக்குக் கீழே நின்றுகொண்டிருந்தான். வாசல் பக்கமிருந்து சுடலையின் அப்பா வேன்காரரோடு வருவதைப் பார்த்தேன். இசக்கியும் திரும்பிப் பார்த்தான். பிறகு ஜன்னலை அண்ணாந்து பார்த்து ஏதோ சொன்னான். பஸ் கிளம்பிவிட்டது. சுடலை குதிக்கவில்லை.

இடம் பிடிக்கச் சொல்லியிருந்த பெரியவர், கூட்டத்தில் ஏற முடியாமல் என் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார்: "சீட்டுப் பிடிக்கப் போனவன் சீட்டோட போயிட்டான். ஒரு டீயப் போடும்."

டீயோடு சேர்த்துக் கொடுத்தது

இசக்கி சொன்ன கதை இவ்வளவுதான்: சுடலை அசந்து தூங்கிவிட்டான், இறங்க மறந்துவிட்டான், மதுரையில் ஒரு ஓட்டல்காரர் வேலைக்கு வைத்துக்கொண்டார், நன்றாக இருக்கிறான். துண்டை விரித்த நிமிஷத்தில் யாருக்குத் தூக்கம் வரும்? அந்த ஓட்டல்காரரைப் பார்த்தது யார்? இதையெல்லாம் மனதுக்குள் மட்டும் கேட்டுக்கொண்டேன்.

சந்தை நாட்களில் சுடலையின் அம்மா கடைக்கு வருவார். டீயோடு அந்தக் கதையையும் கொடுப்பேன். அது அவருடைய ஆறுதலுக்கா, என்னுடையதற்கா என்று இன்றைக்கும் தெளிவில்லை. ஒருமுறை டம்ளரைத் தொடாமலே சொன்னார்: "நல்லா இருக்கான்னு சொல்லுதவிய, எங்கன இருக்கான்னு சொல்ல மாட்டேங்காவளே."

ஆட்டோ ஸ்டாண்டு

சில வருஷத்தில் இசக்கி ஆட்டோ ஓட்ட ஆரம்பித்தான். தாவு என்ற சொல்லை அவனே விட்டுவிட்டான். இப்போது அவனுக்கு எல்லாம் சவாரி. அந்த அம்மா மட்டும் வருவதை விடவில்லை. ஒரு மத்தியானம் அவர் எழுந்து போனதும், ஆட்டோவின் பின்சீட்டில் போய் உட்கார்ந்தேன். நான் வாய் திறக்குமுன்பே, "தூங்கிட்டான் அண்ணாச்சி, எறங்க மறந்துட்டான்" என்று அதே வார்த்தைகளில் ஆரம்பித்தான்.

இத்தனை வருஷ டீக்கடையில் யாருக்கு எவ்வளவு சர்க்கரை என்பதைத் தவிர நான் யாரிடமும் எதையும் உருப்படியாகக் கேட்டதில்லை. அன்றைக்குத்தான் கேட்டேன்:

"ஏலே இசக்கி, அவன் எறங்க மறந்தானா, இல்ல அவன் அப்பன் வாரதப் பாத்துட்டு நீதான் எறங்காதலேன்னு சொன்னியா?"