பிழைக்கத் தெரிந்தவர்

போன புதன்கிழமை பஸ் ஸ்டாண்டில் தையல்காரர் ஏகாம்பரத்தைப் பார்த்தேன். பார்த்த மாத்திரத்தில் கையிலிருந்த பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டேன். ஐம்பது வயதில் கண்ணாமூச்சி... தேவையா?

காரணம் இருக்கிறது.

செங்கம் ரோட்டுப் பக்கம் எங்கள் தெரு. எதிர் வீட்டு மாடியில் ஒன்பது வருஷம் குடியிருந்தவர் ஏகாம்பரம். ஐப்பசியில் வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்லிவிட்டார். கார்த்திகை தீபத்துக்கு முன்னாலேயே ஆசிரமத்துக்கு வெளிநாட்டுக்காரர்கள் வந்து இறங்கிவிடுவார்களே! ஒரு ஹீட்டரை மாட்டினால் வாடகை மூன்று மடங்கு. தெருவே அந்த வீட்டுக்காரரை மெச்சியது. "மனுஷன் பொழைக்கத் தெரிஞ்சவருப்பா!"

கவனித்திருக்கிறீர்களா? யாரையாவது நாம் இப்படிப் புகழும்போது, பக்கத்தில் இன்னொருத்தர் மூட்டை கட்டிக்கொண்டிருப்பார். அவர் நம் கண்ணில் படவே மாட்டார். லஞ்சம் வாங்காத கிளார்க், கோர்ட்டில் உண்மையைச் சொன்ன சாட்சி — இவர்களுக்கெல்லாம் என்ன பெயர் வைத்திருக்கிறோம்? பிழைக்கத் தெரியாதவன்!

ஏகாம்பரம் என்னிடம் வந்தார்.

"சார், உங்க பின்பக்க ரூம் சும்மாத்தானே இருக்குது? பொண்ணு பத்தாவதுங்க. மார்ச்சுல பரீட்சை முடிஞ்சதும் போயிடறோம்."

"வீட்ல ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேன்" என்றேன்.

கேட்கவே இல்லை. போன வருஷம் வந்த ஒரு ஜெர்மன்காரர், 'அடுத்த சீசனுக்கு இந்த ரூம் எனக்கு' என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். நானும் விவரமான ஆள் இல்லையா? பத்து நாள் பார்த்துவிட்டு ஏகாம்பரம் குடும்பத்தோடு சொந்த ஊருக்கே போய்விட்டார்.

பேப்பரெல்லாம் ஒரு மறைவா? நேரே வந்து நின்றார்.

"நல்லா இருக்கீங்களா சார்?"

"இருக்கேன். பொண்ணு எப்படிப் படிக்குது?"

"படிப்பை நிறுத்திடுச்சுங்க. ஊர்லேர்ந்து காலையில பஸ் கம்மி. தினம் லேட்டாப் போய் திட்டு வாங்குது. 'போதும்பா'ன்னு அதுவே சொல்லிடுச்சு. நல்லாப் படிக்கிற புள்ளைங்க..."

அவர் குரலில் என் மேல் துளி கோபமில்லை. அதுதான் தாங்கவில்லை. திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

"ரூமுக்கு ஆள் வந்துட்டாங்களா சார்?"

"வந்துட்டாங்க" என்றேன்.

"நல்லதுங்க" என்றார். நிஜமாகவே சந்தோஷப்பட்டார்.

ஜெர்மன்காரர் வரவே இல்லை. அந்த ரூம் இன்றைக்கும் பூட்டித்தான் கிடக்கிறது.