கழுத்தையும் எடு

"நாற்பத்தொன்பது வயதுப் பெண். நோய் நெடுநாளாக நிலையாக உள்ளது. பதற்றச் சுபாவம். அமைதியாகப் படுத்திருந்து பரிசோதனைக்கு நன்கு ஒத்துழைத்தார்."

ஹோபார்ட்டில் உள்ள ஒரு ஸ்கேன் நிலையத்திலிருந்து நோலீன் டிரீனைப் பற்றி வந்த அறிக்கை இப்படித் தொடங்குகிறது. இதில் வயது சரி. படுத்திருந்ததும் சரி. மற்றதெல்லாம் வேறு யாரோ ஒரு நல்ல பெண்ணைப் பற்றியது.

நோலீன், ஹூவான் ஆற்றங்கரையில் சால்மன் மீன் தொழிற்சாலை ஒன்றில் மீன் அறுப்பவள். அவள் அமைதியாக இருந்து நான் பார்த்தது பல் மருத்துவரிடம் மட்டும்தான். அங்கும் வாயில் குழாய் இருந்தது.

அவளுக்கு எம்.எஸ். நரம்பின் மேலுறை அரித்துப்போய், அந்த இடம் தழும்பாகி இறுகிவிடும் நோய். மூளையிலும் வரும், முதுகுத்தண்டிலும் வரும். வெயில் விஷயத்தில் கஞ்சத்தனமான எங்கள் டாஸ்மேனியாவில் இந்த நோய்க்கு மட்டும் பஞ்சமில்லை. ஆண்டுக்கொரு முறை அவள் மூளையை எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள். வெள்ளைப் புள்ளிகளைப் போன ஆண்டுப் படத்தோடு ஒப்பிடுவார்கள். கூடவில்லை என்றால் 'மாற்றமில்லை' என்று எழுதுவார்கள். மூன்று ஆண்டுகளாகத் தொடர்ந்து மாற்றமில்லை. அதே மூன்று ஆண்டுகளில்தான் அவளுக்குக் கால் பின்னத் தொடங்கியது, விரல் மரத்தது, ஈரத்தரையில் இருமுறை கத்தியோடு விழுந்தாள்.

படத்தில் மாற்றமில்லை, ஆள் விழுகிறாள். தொழிற்சாலை மேற்பார்வையாளன் நெவில் இந்தக் கணக்குக்கு உடனே விடை கண்டுபிடித்துவிட்டான். தினமும் காலையில் வாசலிலேயே மது சோதிக்கும் கருவியை அவள் வாய்க்கு நேரே நீட்டினான்.

"ஊது, நோலீன்."

"நேத்தும் ஊதினேன், முந்தாநேத்தும் ஊதினேன். எனக்கென்ன தினமும் பொறந்தநாளா?"

"விழுறவ நீதானே? ஊது."

கருவி பூஜ்யம் காட்டும். நெவில் அதைத் தட்டிப் பார்த்து, பேட்டரி போயிருக்கும் என்பான். வரிசையில் நிற்பவர்கள் சிரிப்பார்கள். சிக்கல் என்னவென்றால், நோலீன் குடிக்காதவள் அல்ல. வெள்ளிக்கிழமை மாலை அவளுக்கு ஈடுகொடுக்க எங்கள் பள்ளத்தாக்கில் ஆளில்லை.

"குடிக்கிறேன், யார் இல்லேன்னா?" என்பாள். "ஆனா குடிச்ச அன்னிக்கு ஒழுங்கா நடக்கறேன். குடிக்காத அன்னிக்குத்தான் தள்ளாடுறேன். இதை எந்தக் கோர்ட்டுல போய்ச் சொல்ல?"

கடைசியில் நெவில் தெளிவாகவே சொல்லிவிட்டான்: "இந்த வருஷப் படத்துலயும் மாற்றமில்லைன்னு வந்தா, காரணம் நோய் இல்லைன்னு அர்த்தம். அப்ப குடிதான். குடின்னா இங்க வேலை கிடையாது."

நரம்பு மருத்துவர் பெம்பர்ட்டன் அவளைக் கணினித் திரையில்தான் பார்ப்பார். அவரிடம் அவள் ஒவ்வொரு முறையும் சொன்னது ஒன்றே: "குனிஞ்சா பிடரியிலேர்ந்து கால் வரைக்கும் கரண்ட் அடிக்குது, டாக்டர்."

"நாள் முழுக்கக் குனிஞ்சே வேலை பாக்கறீங்க. தசைப்பிடிப்பா இருக்கும். மூளை நல்லாத்தான் இருக்கு."

"மூளை நல்லா இருக்கறதாலதான் கேக்கறேன். கழுத்தையும் எடுங்க."

"தேவைப்பட்டா பாக்கலாம்."

இந்த 'தேவைப்பட்டா'வில் யாருடைய தேவை என்பதை அவர் சொன்னதில்லை.

அந்த ஆண்டு ஸ்கேனுக்கு நான்தான் காரோட்டினேன். வண்டி ஓட்ட முடியாதவர்களை நகரத்துக்குக் கூட்டிப்போகும் ஊர்ப்பொதுக் கார் அது. பின்னிருக்கையில் ஆப்பிள் தோட்டக்காரர் ஆர்ச்சி, தன் முழங்காலைப் படமெடுக்க வந்தவர். நோலீன் வழியெல்லாம் பெம்பர்ட்டனைத் திட்டினாள். பாதி வழியில், கிங்ஸ்டன் ஊர் வந்ததும், நெவிலுக்கு மாறினாள்.

ஸ்கேன் அறையின் பொத்தான்களை இயக்கியவள் அன்னிக்கா. அவளிருந்த கண்ணாடி அறையின் கதவு திறந்திருந்ததால், நடைவழியில் உட்கார்ந்திருந்த எங்களுக்கு எல்லாமே கேட்டது. மூளையைப் படமெடுத்து முடிந்தது. நோலீன் படுத்திருந்த மேசை வெளியே வந்தது.

"முடிஞ்சுது கண்ணு, எழுந்துக்கலாம்."

"கழுத்து?"

"தலை மட்டும்தான் எழுதியிருக்காரு."

"அப்ப எழுதச் சொல்லு."

"வேற நாள் வாங்கணும். குளிர்காலம் முடிஞ்சு ஏதாவது கிடைக்கலாம்."

"அதுக்குள்ள எனக்கு வேலை இருக்காது. நான் இங்கயே படுத்திருக்கேன்."

"அடுத்தவங்க காத்திருக்காங்க, நோலீன். தயவுசெஞ்சு எழுந்திருங்க."

"எழுந்தா விழுவேன். விழுந்தா நீயும் ஊதச் சொல்லுவே."

நோயாளி உள்ளே பயந்துபோனால் அழுத்துவதற்காகக் கையில் ஒரு ரப்பர்ப் பந்து கொடுப்பார்கள். அழுத்தினால் மணி அடிக்கும். அடித்தால் யாராவது போய் என்னவென்று கேட்டாக வேண்டும், அது விதி. நோலீன் அழுத்தினாள். அன்னிக்கா போய்க் கேட்டாள். "கழுத்து" என்றாள் நோலீன். அன்னிக்கா திரும்பி வந்து தொலைபேசியை எடுப்பதற்குள் மறுபடியும் மணி.

"அது அவசரத்துக்குக் குடுத்தது, கண்ணு!"

"இது அவசரம்தான்."

பின்பக்கம் திறந்த மருத்துவமனை அங்கியில் உட்கார்ந்திருந்த ஆர்ச்சியிடம் அன்னிக்கா தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டாள். "என் முட்டி இருபது வருஷமா வலிக்குது," என்றார் அவர். "இன்னும் கொஞ்ச நேரம் வலிச்சுட்டுப் போகட்டும். நீ அவளைக் கவனி."

பெம்பர்ட்டன் கடைசியில் தொலைபேசிக்கு வந்தார். அவர் பேசியது எங்களுக்குக் கேட்கவில்லை. அன்னிக்கா பேசியது போதுமானதாக இருந்தது.

"ஆமா டாக்டர், மேசை மேலதான்... இல்ல, இறங்க மாட்டேங்கறாங்க... காவலாளியா? டாக்டர், அவர் இடுப்புல சாவிக்கொத்து, வயர்லெஸ்ஸு, பெல்ட்டு எல்லாம் இருக்கு. உள்ள இருக்கறது காந்தம், இரும்பை இழுத்துரும். எப்பவும் வேலை செஞ்சுக்கிட்டே இருக்கும்... இல்ல, என்னால தூக்க முடியாது... சரி. கழுத்தையும் சேர்த்து எழுதித் தர்றீங்களா? சரி டாக்டர்."

மேசை மறுபடியும் உள்ளே போனது. காந்தம் நெடுநேரம் தடதடத்தது. அதுவரை "அவ்வளவுதான் கண்ணு, நல்லா இருக்கீங்க" என்று ஒலிபெருக்கியில் கொஞ்சிக்கொண்டிருந்த அன்னிக்கா, படம் திரையில் வரத் தொடங்கியதும் பேச்சை நிறுத்திவிட்டாள்.

"என்ன தெரியுது?" என்றாள் நோலீன்.

"நான் சொல்லக் கூடாது."

ஆனால் தானே உள்ளே போய், இரு கைகளாலும் தாங்கி அவளை இறக்கிவிட்டாள். இறக்கும்போது, "இந்தக் கரண்ட் எவ்வளவு நாளா அடிக்குது?" என்று கேட்டாள். கேள்வியிலேயே நோலீனுக்கு விடை கிடைத்துவிட்டது.

திரும்பும் வழியில், சிப்பிக்கறி அடைத்துச் சுட்ட ஸ்காலப் பை வாங்கினோம். அவள் அதைக் கடித்த விதத்தில் நெவில் தெரிந்தான்.

"மூணு வருஷம், ஆர்ச்சி. மூணு வருஷமா அவன் முன்னாடி நின்னு ஊதியிருக்கேன்."

ஆர்ச்சி முழங்காலைத் தடவிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அறிக்கை வந்தது: கழுத்துப் பகுதித் தண்டுவடத்தில் இரண்டு தழும்புகள். புதியவை அல்ல, ஆண்டுக்கணக்கில் தடித்து இறுகிப்போனவை. நோயாளியின் அறிகுறிகளை வைத்துப் பார்க்கையில் இது 'எதிர்பார்த்ததே' என்று பெம்பர்ட்டன் ஒரு வரி சேர்த்திருந்தார். எதிர்பார்த்தவர் ஏன் பார்க்கவில்லை என்பதற்கு அறிக்கையில் வரி இல்லை. தழும்பைக் கரைக்க மருந்தில்லை. மேலும் வராமல் தடுக்கும் மருந்தை மாற்றிக் கொடுத்தார்கள். அதை மூன்று ஆண்டுகளுக்கு முன்பே மாற்றியிருக்கலாம்.

நெவில் கருவியை மேசை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, மீனைப் பெட்டியில் அடுக்கும் பகுதியில் அவளுக்கு உட்கார்ந்து செய்யும் வேலை கொடுத்தான். மன்னிப்புக் கேட்டாயா என்று நானே அவனைக் கேட்டேன்.

"அதான் நாற்காலி குடுத்தேனே," என்றான்.

அறிக்கை 'நன்கு ஒத்துழைத்தார்' என்கிறது. நோலீன் டிரீன் அன்று உண்மையில் செய்தது: கழுத்தையும் படமெடுக்கும் வரை அந்த மேசையைவிட்டு இறங்க மறுத்தாள்.