சோதனைக்குப் போகாத சதை

கல்யாணமாகி ஏழு வருஷம் எனக்குப் பிள்ளை இல்லை. என் புருஷன் ஊரான எழுமலையில் அதைப் பற்றிப் பேசாத வாய் இல்லை. எழுபதுகளின் கடைசி அது. தீட்டு வரவரக் குறைந்து, ஒரே நாளில் நாலு சொட்டோடு நின்றுவிடும். அடிவயிற்றில் ஓயாத வலி. சாயங்காலமானால் மேல் லேசாகச் சுடும்.

"பெறாத வயிறு வலிக்கத்தான் செய்யும்" என்பார் மாமியார்.

மூன்றாம் வருஷம் ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனார்கள். கர்ப்பப்பையைச் சுரண்டிச் சுத்தம் செய்தால் பிள்ளை தங்கும் என்றார். செய்தார், தங்கவில்லை. ஐந்தாம் வருஷம் மறுபடியும் செய்தார். அப்போதும் இல்லை.

ஏழாம் வருஷம் மதுரையில் இருந்த என் அக்கா, கோரிப்பாளையத்தில் ஒரு டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனாள். என் புருஷனும் வந்திருந்தார். டாக்டரம்மா பழைய சீட்டுகளைப் புரட்டினார்.

"ரெண்டு தடவ சுரண்டியிருக்காங்க. அந்தச் சதைய சோதனைக்கு அனுப்புன ரிப்போர்ட் எங்கம்மா?"

"அப்படி ஒண்ணும் குடுக்கலியேம்மா."

"அப்ப குப்பையிலயா போட்டாங்க?"

தீட்டுக்கு இரண்டு நாள் முந்தி வரச்சொல்லி, மூன்றாம் முறையாகச் சுரண்டி எடுத்தார். எடுத்ததை இரண்டு பாட்டிலில் பிரித்துப் போட்டார். ஒன்று மைக்ராஸ்கோப்பில் பார்க்க, மற்றது கிருமி வளர்கிறதா என்று பார்க்க. இரண்டாவதற்கு ஒன்றரை மாசம் ஆனது. இரண்டுமே ஒன்றைத்தான் சொல்லின.

"கர்ப்பப்பையில டிபிம்மா."

"எனக்கு இருமலே கிடையாதேம்மா!"

"இருமணும்னு இல்ல. நெஞ்சுக்குள்ள சத்தமில்லாம வந்து, ரத்தத்தோட போயி அங்க உக்காந்துக்கும். வீட்டுல யாருக்காச்சும் ரொம்ப நாளா இருமல் இருந்துச்சா?"

என் புருஷன் தரையைப் பார்த்தார்.

நான் வாழப்போன வருஷமே மாமனார் படுக்கையில் கிடந்தார். சாகும்வரை இரண்டு வருஷம் அவர் சளி துப்பிய சட்டியைக் கழுவியவள் நான். இளைப்பு என்றுதான் என்னிடம் சொல்லியிருந்தார்கள்.

வெளியே வந்ததும் கேட்டேன்: "மாமாவுக்கு என்ன சீக்குங்க?"

"டிபிதான். சொல்லியிருந்தா நீ பாத்திருப்பியா?"

ஒன்றரை வருஷம் ஊசியும் மாத்திரையும். "சீக்காளிய வச்சிக்கிட்டு வம்சம் எப்படி வெளங்கும்?" என்றார் மாமியார். சீக்கு எந்த வீட்டுடையது என்று அந்த வீட்டில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. நான் அக்கா வீட்டில் இருந்தே மாத்திரையை முடித்தேன். காய்ச்சல் விட்டது, வலி விட்டது. கர்ப்பப்பைக்குள் மருந்து செலுத்தி எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார் டாக்டரம்மா.

"நோய் போயிருச்சும்மா. ஆனா கருக்குழாய் ரெண்டும் அடைச்சுப் போச்சு. இனி திறக்காது. மொதத் தடவையே பாத்திருந்தா..." எக்ஸ்ரேயைக் கவரில் போட்டு என்னிடம் நீட்டினார். ஆறுதல் சொல்லாததற்காக அவரை எனக்குப் பிடித்திருந்தது.

கப்பலூரில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தேன். ஒருநாள் கேட்டுக்கு வெளியே என் புருஷன் நின்றிருந்தார். கையில் ஒரு காகிதம். அவர் இன்னொரு கல்யாணம் கட்ட எனக்குச் சம்மதம் என்று அதில் எழுதியிருந்தது.

"பொண்ணு வீட்டுல கேக்குறாக" என்றார்.

அவர் முதுகிலேயே காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டேன். பேனா முனை காகிதத்தைக் கிழித்தது. மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

"வாரேன்" என்றார், பழக்கத்தில்.

"வராதீங்க" என்றேன்.