கோர்ட் கேஸ் நாடகத்துக்கு அப்பாவும் வந்தார்: பண்டமாரான் முதல் சுபாங் ஜெயா வரை

போன மாதம் ஒரு சனிக்கிழமை மதியம், கோலாலம்பூருக்குப் பக்கத்தில் சுபாங் ஜெயாவில் ஒரு கல்லூரியில் நாடக வாசிப்பு. ஒரே பாலினத்தவரின் திருமண உரிமைக்காக வேறொரு நாட்டில் நடந்த வழக்கில் சாட்சிகள் சொன்னதை அப்படியே கோத்த ஆவண நாடகம். வாசிப்பவர்களில் சூசனும் ஒருத்தி. பிரிக்பீல்ட்ஸில் அவளும் நானும் ஐந்து வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறோம். அப்பாவைப் பொறுத்தவரை அவள் என் ஹவுஸ்மேட். உண்மையில் நாங்கள் இரண்டு பெண்களும் இணையர். அதைச் சொல்ல எனக்குத் தைரியம் வந்ததே இல்லை. பொறுத்துப் பார்த்த சூசன், என்னைக் கேட்காமலே அவருக்குப் போன் போட்டுவிட்டாள். "அங்கிள், கோர்ட் கேஸ் நாடகம், வாங்க லா."

கோர்ட் கேஸ் என்றால் அப்பா சும்மா இருப்பாரா? துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர், இப்போது கோயில் கமிட்டிச் செயலாளர். அவர்கள் கோயிலில் இரண்டு கோஷ்டி, ஒரு வழக்கு, அது முடிகிற மாதிரியும் இல்லை.

கே.எல். சென்ட்ரலில் கொமூட்டர் ரயில் ஏறினால் கிள்ளானுக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். அங்கிருந்து அப்பா வீடு இருக்கும் பண்டமாரானுக்கு கிராப் டாக்ஸியில் ஒன்பது ரிங்கிட். சுபாங் ஜெயா ஸ்டேஷன் வழியிலேயே வருகிறது. அதைத் தாண்டிப் போய், அப்பாவைக் கூட்டிக்கொண்டு திரும்ப அங்கேயே வருகிற பயணம் இது. புத்தியுள்ளவர்கள் இப்படிச் செய்ய மாட்டார்கள்.

திரும்பும்போது அப்பாவின் கார். இருபத்தைந்து கிலோமீட்டர்தான், ஃபெடரல் ஹைவே நெரிசலில் ஒரு மணி நேரம். "டோல் இல்லாத ரோடு இருக்கறப்ப எதுக்கு டோல் ரோடு?" என்றார்.

அரங்கில் ஆறு நாற்காலி, ஆறு ஸ்டாண்ட், கையில் தாள்கள். "இன்னும் மனப்பாடம் ஆகலையா இதுங்களுக்கு?" என்று அப்பா உரக்கக் கேட்டார். முன்வரிசை திரும்பிப் பார்த்தது. வாசிப்பு நாடகம் என்றால் இப்படித்தான் என்று காதில் சொன்னேன். நம்பவில்லை.

சூசனுக்கு வந்தது ஒரு மருத்துவமனைக் காட்சி. உயிருக்குப் போராடும் துணைவியைப் பார்க்க வந்தவளை, நீ சொந்தக்காரி இல்லை என்று வெளியே நிறுத்திவிடுகிறார்கள். வாசிக்கையில் அவள் குரல் உடைந்தது. நான் அப்பாவின் முகத்தைப் பார்க்கப் பயந்து அவர் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முடிந்ததும் கேள்வி நேரம். மைக் எங்கள் பக்கத்திலேயே இருந்தது, என் கெட்ட நேரம். அப்பா எழுந்து, கோயில் ஆண்டுக்கூட்டம் போலப் பெயர், பதவி, ஊர் எல்லாம் சொல்லிவிட்டு ஆரம்பித்தார்.

"நாங்க எதுவா இருந்தாலும் மொதல்ல கமிட்டில பேசுவோம். சரிவரலன்னாதான் கோர்ட்டு. இந்தப் பொண்ணு நேரா கோர்ட்டுக்குப் போயிருக்கு. இதோட அப்பா எங்க? அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டாங்களா?"

யாரோ சிரித்தார்கள். மேடையிலிருந்து சூசன்தான் பதில் சொன்னாள். "பயந்துட்டா அங்கிள்."

"யாருக்கு?"

"அப்பாவுக்கு."

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு உட்கார்ந்துவிட்டார்.

கார் நிறுத்தியதற்கு நான்கு ரிங்கிட். அதற்குக்கூட அப்பா புலம்பாததால், அவருக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது என்று எனக்குப் புரிந்தது. சூசனையும் ஏற்றிக்கொண்டு நேரே ஒரு மாமாக் சாப்பாட்டுக் கடையில் நிறுத்தினார். மூன்று தே தாரிக் டீ, கறியோடு ரொட்டி சானாய். "சரி, கமிட்டி கூடியாச்சு. பேசு" என்றார்.

"சூசன் என் ஹவுஸ்மேட் இல்லப்பா. கல்யாணம் பண்ண முடிஞ்சா, இவளத்தான் பண்ணுவேன்."

டீ ஆறும் வரை கலக்கினார். பிறகு நிமிர்ந்து, "முன்மொழிஞ்சாச்சு. வழிமொழிய ஆள் இருக்கா?" என்று கேட்டார்.

சூசன் கையைத் தூக்கினாள்.

"தீர்மானம் பாஸ் ஆயிடுச்சுன்னு நினைக்காதீங்க. விவாதத்துக்கு எடுத்திருக்கோம், அவ்வளவுதான்." சொல்லிவிட்டு ரொட்டித் தட்டை அவள் பக்கம் தள்ளினார். "சாப்பிடும்மா, ஆறிடும்."

நான் அழுதுவிட்டேன். கடைக்காரர் வந்து, "கறி ரொம்பக் காரமா அக்கா?" என்று விசாரித்தார்.

போகிறவர்களுக்கு: அரங்கில் ஏசி குளிர் எலும்பு வரை போகும், ஸ்வெட்டர் அவசியம். கொமூட்டரிலேயே போய்விடுங்கள். அப்பாவைக் கூட்டிப்போவதாக இருந்தால் மைக்குக்குப் பக்கத்தில் உட்கார வைக்காதீர்கள். இல்லை, பக்கத்திலேயே உட்கார வையுங்கள்.