இடதுகை வீணை

டர்பன்டைன் வாடை மூக்கில் ஏறினால் போதும், பெரியகுளத்தில் இன்று செல்போன் கடையாகிவிட்ட ஓவியர் மாமாவின் கூடத்துக்குள், காலில் ஒட்டும் எண்ணெய்ப் பிசுக்குத் தரையில், கன்னம் உப்பிய நாயனக்காரர்களுக்கும் இன்னும் காயாத முருகனுக்கும் நடுவில் போய் நின்றுவிடுவேன்.

மடியில் வீணைக்குப் பதில் உலக்கையை வைத்து, கண்ணாடியில் தன்னையே பார்த்துப் பார்த்து வரைந்ததால், அவருடைய சரஸ்வதி இடது கையால் மீட்டிக்கொண்டிருந்தாள்.

"கை மாறிப்போச்சுன்னு யாரும் வாங்க மாட்டேங்குறாக, தாயி" என்று ஒருநாள் அம்மாவிடம் புலம்பினார்.

"கை மாறுனா என்னண்ணே? வாசிப்பு மாறவா போகுது?" என்றாள், இடது கையால் எழுதுகிறேன் என்று அன்று காலையில்தான் என் மணிக்கட்டில் கரண்டியால் ஒரு போடு போட்டிருந்த அம்மா. சொல்லிவிட்டு மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாள்.

அதன்பிறகு எங்கள் வீட்டுக் கரண்டி குழம்புக்கு மட்டும்தான்.