கீழத்தெரு முக்கில் திரும்பிய சப்பரம்

1944 ஜூன் 12, திங்கட்கிழமை.

காலை ஆறரை மணி வண்டிக்குத் திருச்சி ஜங்ஷனில் ஒரே ஒரு மூன்றாம் வகுப்பு டிக்கெட் வாங்கினேன். அரியலூருக்குப் பதினாலு அணா. கூட வந்தவருக்கு வாங்கவில்லை. கூட வந்தவர் அர்ச்சியசிஷ்ட அந்தோணியார். மூன்றரை அடி உயரம், தேக்கில் செதுக்கியது, வைக்கோல் சுற்றிச் சாக்கில் கட்டி என் பக்கத்தில் பலகைமேல் சாய்த்திருந்தேன். சுரூபங்களுக்கு, அதாவது மாதா, புனிதர் சிலைகளுக்கு, வர்ணம் பூசுவது என் தொழில். அரியலூருக்கும் பெரம்பலூருக்கும் நடுவே அடைக்கலநத்தம் என்று ஓர் ஊர். அங்கே கோயிலில் இருந்த பழைய சுரூபத்தைக் கரையான் தின்றுவிட்டது. மறுநாள் அந்தோணியார் திருநாள். புதியவர் போய்ச் சேராவிட்டால், தோளில் தூக்கித் தெருச் சுற்றும் சப்பரத்தில் ஏற ஆள் கிடையாது.

ஸ்ரீரங்கத்தில் ஏறிய டிக்கெட் பரிசோதகர் சாக்கைத் தட்டிப் பார்த்தார்.

"உள்ளே என்னய்யா, ஆளா?"

"அந்தோணியாருங்க."

முகத்துப் பக்கம் வைக்கோலை விலக்கிக் காட்டினேன். நெற்றி நிறையத் திருநீறு பூசியிருந்த மனிதர் குனிந்து பார்த்தார். "தொலைஞ்ச சாமானைத் தேடிக் கொடுக்கிறவர்தானே? போன வாரம் என் குடை போச்சு. அவர் காதிலே போட்டு வையுங்கோ" என்று சொல்லிவிட்டு அடுத்த பெட்டிக்குப் போய்விட்டார். சுமைக் கூலி கேட்கவில்லை. ரயில்வேயில் நல்லவர்களும் இருக்கிறார்கள்.

கொள்ளிடத்தில் மணல்தான் ஓடிற்று. லால்குடி வரையில் கண்ணுக்குக் குளிர்ச்சி. புள்ளம்பாடி தாண்டியதும் பூமியின் நிறம் மாறிவிட்டது. கரிசல், வெள்ளைக் கல், கருவேல முள், மறுபடியும் கரிசல். இந்தச் சீமையில் யாரய்யா வந்து கோயில் கட்டினார்கள் என்று எரிச்சலாக நினைத்துக்கொண்டேன். காலையில் ஒன்றும் சாப்பிடாமல் கிளம்பியவன் அப்படித்தான் நினைப்பான்.

ஒன்பது மணிக்கு அரியலூர். ஸ்டேஷன் வாசலில் கோயில் வண்டி காத்திருந்தது. வண்டிக்காரர் பெயர் சந்தியாகு. முப்பத்தைந்து வயது இருக்கும். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் மாதா பதக்கம். மாடுகள் இரண்டும் குளித்துக் கொம்பு சீவி, என்னைவிடச் சுத்தமாக நின்றன.

"உம் மாடா? நன்றாக வைத்திருக்கிறீரே."

"என்னோடது இல்லீங்க. கோயில் மாடு. பார்த்துக்கச் சொல்லி பங்குச் சாமியாரு என்கிட்ட விட்டுருக்காரு."

கடைத்தெருவில் ஒரு ஓட்டலில் இரண்டணாவுக்கு இட்லியும் காப்பியும் கிடைத்தன. சந்தியாகுவைக் கூப்பிட்டேன். "மாட்டை விட்டுட்டு வரக் கூடாதுங்க, நீங்க சாப்புடுங்க" என்றார். இரண்டாவது இட்லியில் கை வைத்த பிறகுதான், மாடு இல்லாவிட்டாலும் அந்த ஓட்டலுக்குள் அவரை விடமாட்டார்கள் என்பது என் மண்டையில் ஏறியது. நாலு இட்லி கட்டி வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தேன். வண்டியில் ஏறிய பிறகு சாப்பிட்டார்.

பெரம்பலூர் சாலையில் ஒன்பது மைல், பிறகு தெற்கே ஒன்றரை மைல் வண்டித்தடம். சாலையில் எங்களை முந்திக்கொண்டு போனது ஒரே ஒரு கரி பஸ். பெட்ரோல் யுத்தத்துக்குப் போய்விட்டதால் அப்போதெல்லாம் பஸ்ஸுக்கும் அடுப்பு மூட்டித்தான் ஆகவேண்டியிருந்தது. மேடு வந்த இடங்களில் சந்தியாகு இறங்கி நடந்தார். என்னை இறங்கச் சொல்லவில்லை. ஆனால் மாட்டின் முதுகைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். நானும் இறங்கினேன்.

நடந்துகொண்டே தம் கதையைச் சொன்னார். அவர் பிறந்தது அடைக்கலநத்தம் கீழத்தெரு. பிறர் நிலத்தில் கூலிக்கு உழைக்கிற சனங்கள். நாலு வருஷத்துக்கு முன்னால் முதல் ஆளாக ஞானஸ்நானம் பெற்றவர் இவர்தான். இவரைப் பார்த்து எட்டு வீடு வந்தது. கூடப் பிறந்த அண்ணன் முனியன் மட்டும் வரவில்லை.

"அண்ணன் என்ன சொல்றாருன்னா, 'கோயிலுக்குள்ள ஒக்காரலாங்கிறே, சரி. வருசத்துல ஒரு நா அவுங்க சாமி தெரு சுத்துதே, நம்ம தெருவுக்கு வருதா? வரட்டும். அன்னிக்குப் பேசு'ங்கிறாரு."

"வரவில்லையா?"

"முக்கு மட்டும் வரும், அப்படியே திரும்பிரும். தெரு குறுகல், சப்பரம் நொழையாதுன்னு மேலத்தெரு நாட்டாமை சொல்றாரு. இந்த வருசமும் வரல்லேன்னா எட்டு வூட்டுல நாலு வூடு இனிமே கோயிலுக்கு வரமாட்டோம்னு சொல்லிட்டாங்க. நான் கூட்டியாந்தவங்கய்யா. அவுங்க மொகத்துல நான் எப்படி முழிக்கிறது?"

குறுகலா காரணம் என்று கேட்க வாயெடுத்து அடக்கிக்கொண்டேன். அவருக்குத் தெரியாததா?

பிற்பகல் மூன்று மணிக்கு ஊர் வந்து சேர்ந்தோம். கோயிலிலிருந்து தெற்கே நீள்வது மேலத்தெரு. ஓட்டு வீடுகள். அதன் முடிவில் கிழக்கே பிரிகிறது கீழத்தெரு. முக்கின் ஒரு பக்கம் கோயில் மாடு கட்டும் கொட்டகை, மறுபக்கம் சந்தியாகுவின் வீடு. அந்தத் தெருவுக்குள் திரும்பினதும் வண்டியை நிறுத்தச் சொன்னேன். இரண்டு வரிசையிலும் வீடுகளுக்கு முன்சுவர் புதிது. மண் இன்னும் ஈரம் காயவில்லை. ஒவ்வொரு வீடும் இரண்டு முழம் பின்னால் போயிருந்தது. ஏற்கெனவே புறாக்கூடு போன்ற வீடுகள்.

"குறுகல்னுதானே சொன்னாங்க?" என்று சந்தியாகு சிரித்தார். "ஒரு மாசமா வேலை முடிஞ்சு வந்து, அவுங்கவுங்க சுவத்தை அவுங்கவுங்களே இடிச்சுத் தள்ளிக் கட்டிட்டோம். அண்ணன் வூடு மட்டும் அப்படியே இருக்கு. அது கடைசி வூடு, இடிக்காது."

மூக்கு நுனியில் வர்ணம் போயிருந்த அந்தோணியாருக்கு அன்று மாலை என்றும் இல்லாத கவனத்தோடு வர்ணம் தொட்டேன்.

ஜூன் 13, செவ்வாய், திருநாள்.

விடிந்ததும் முக்கில் கூட்டம். மேலத்தெரு நாட்டாண்மை சவரிநாயகம் இரண்டு ஆட்களோடு, சப்பரம் தூக்கும் நீளத் தண்டு ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். வெள்ளை மீசை, விறைத்த முதுகு. சப்பரத்தின் வலது முன்தண்டைத் தூக்குவது அவர் குடும்பத்து உரிமை. அது போகிற பக்கம்தான் சப்பரம் போகும். இரண்டு ஆட்களையும் சப்பரத்தின் அகலத்துக்கு விலகி நிற்க வைத்துக் கீழத்தெரு நெடுக நடக்கவிட்டுப் பார்த்தார். தட்டவில்லை. முக்குக்கு வந்து தண்டை நீளவாட்டில் பிடித்துத் திருப்பினார். சந்தியாகு வீட்டுச் சுவரில் இடித்தது. தள்ளித் திருப்பினார். மாட்டுக் கொட்டகைத் தூணில் இடித்தது.

"தெருவுல குத்தமில்ல. முக்கு திரும்பாது" என்றார்.

"திரும்புனா வருவீங்களா அய்யா?" என்று சந்தியாகு கேட்டார்.

"திரும்புனா திருப்பாம என்ன? முன்தண்டு என் தோள்லதானே இருக்கு. நான் ஒரு சொல்லுக்காரன். ஆனா ஒண்ணு, கொட்டாய் கோயில் சொத்து. நெனப்பு இருக்கட்டும்."

அவர் போனதும், வேப்பமரத்தில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்த முனியன் காறித் துப்பினார். "போன வருசம் தெரு. இந்த வருசம் முக்கு. அடுத்த வருசம் வானம் பத்தலேம்பாங்க. ஏண்டா தம்பி, நாலு தூணு, ரெண்டு கீத்து. கொட்டாயைச் சாய்க்க எம்புட்டு நேரமாவும்?"

எனக்கும் அதுதான் தோன்றியது. பங்குச் சாமியார் பக்கத்து ஊரிலிருந்து அப்போதுதான் சைக்கிளில் வந்து இறங்கியிருந்தார். கேட்டால் சரியென்று சொல்லிவிடுவார் என்றேன்.

"சொல்லிருவாருங்க" என்றார் சந்தியாகு. "ஆனா கொட்டாய் என்னை நம்பி விட்டது. அதைக் காப்பாத்தத்தான் நான் இருக்கேன். வூடு என்னோடது. என்னோடதைத்தான் நான் இடிக்கலாம்."

"வூட்டையாடா?" முனியனுக்குக் குரலே மாறிவிட்டது.

நாங்கள் பேசிக்கொண்டு நிற்கும்போதே உள்ளேயிருந்து பானை சட்டிகள் வெளியே வர ஆரம்பித்தன. சந்தியாகுவின் மனைவி அருளாயி எதையும் யாரையும் கேட்கவில்லை. அம்மியைப் புரட்டிக்கொண்டு வந்து வாசலுக்கு அப்பால் போட்டுவிட்டு, "பேசிக்கிட்டே நில்லுங்க, சாயந்தரம் வந்துரும்" என்றாள்.

பூசை முடிந்ததும் வேலை தொடங்கியது. எட்டு வீட்டு ஆண்களும் நாலு பக்கமும் நின்று கூரையை அப்படியே தூக்கி வேலியோரம் வைத்தார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. சந்தியாகு மண்வெட்டியால் சுவரை வெட்டினார். முன்சுவர் தவிர மற்றவை பல காலம் வெயிலில் காய்ந்து இறுகியவை, சில்லுச் சில்லாகத்தான் பெயர்ந்தன. நானும் ஒரு கூடை மண் சுமந்தேன். இரண்டாவது கூடையில் முட்டி மடங்கி உட்கார்ந்தேன். பெண்கள் சிரித்துவிட்டு, எல்லோருக்கும் தண்ணீர் ஊற்றச் சொல்லி என் கையில் செம்பைக் கொடுத்தார்கள். எனக்குத் தகுந்த உத்தியோகம் அதுதான்.

முனியன் அதுவரை மரத்தடியை விட்டு நகரவில்லை. தம்பி இடிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தவர் திடீரென்று எழுந்து விறுவிறுவென்று போனார். போய்விட்டார் என்றே நினைத்தேன். கடப்பாரையோடு திரும்பி வந்தார்.

"தள்ளுடா. நீ இடிக்கிற லெச்சணத்துக்குச் சப்பரம் வர்றப்ப பொழுது சாஞ்சுரும்."

அண்ணன் கடப்பாரை பாய்ச்ச, தம்பி மண்ணை வார, மூன்று மணிக்கு அங்கே ஒரு வீடு இருந்த அடையாளமே இல்லை. அருளாயி அந்த இடத்தைத் தண்ணீர் தெளித்துச் சமன்படுத்தி, அரிசிமாவுக்கு வழியில்லாமல் சுண்ணாம்புப் பொடியால் ஒரு சிலுவைக் கோலம் போட்டாள்.

ஐந்து மணிக்குச் சப்பரம் கிளம்பியது. முன்னால் பேண்டு, சாமியார், பிறகு பூவுக்கு நடுவே என் அந்தோணியார். மேலத்தெருவில் வீட்டுக்கு வீடு மெழுகுதிரி. சனங்கள் வேண்டுதலுக்கு உப்பும் மிளகும் சப்பரத்தின்மேல் வீசினார்கள். கீழத்தெருக்காரர்கள் ஒருவரும் ஊர்வலத்தில் இல்லை. எல்லோரும் முக்குக்கு அந்தப் பக்கம், தங்கள் தெருவில் நின்றார்கள்.

சப்பரம் முக்குக்கு வந்து நின்றது. பேண்டும் நின்றது. நாட்டாண்மை சவரிநாயகம் தண்டைத் தோளில் வைத்தபடியே வெறும் வெளியைப் பார்த்தார். வேலியோரம் கிடந்த கூரையைப் பார்த்தார். எதிர்ப்பக்கம், ஒரு கீற்றுக்கூட அசங்காமல், கோயில் மாடு இரண்டும் அசைபோட்டுக்கொண்டிருந்த கொட்டகையைப் பார்த்தார். பின்தண்டுக்காரர்களில் யாரோ, "வழக்கம் இல்லீங்களே" என்று முணுமுணுத்தது எங்களுக்கே கேட்டது. சந்தியாகு மண் படிந்த கையைக் கூப்பிக்கொண்டு நின்றார்.

"என்னடா வழக்கம்?" என்று நாட்டாண்மை ஒரு சத்தம் போட்டார். "கெழக்க திருப்புங்கடா!"

சப்பரம் திரும்பியது. தண்டின் நுனி கொட்டகைத் தூணை ஒரு சாண் இடைவெளியில் தாண்டி, சந்தியாகுவின் அடுப்பு இருந்த இடத்துக்கு மேலாகப் போய், கீழத்தெருவுக்குள் நுழைந்தது. அப்போது எழுந்த குரவைச் சத்தத்தில் பேண்டு வாசித்தது யாருக்கும் கேட்கவில்லை. கிழவிகள் தரையில் விழுந்து கும்பிட்டார்கள். புதுச்சுவர் ஒவ்வொன்றிலும் அகல் விளக்கு. ஒன்றும் இல்லாத ஏழை வீடுகளில் உப்பு எங்கிருந்து வந்ததோ, மழையாகக் கொட்டியது. நான் வர்ணம் பூசிய எத்தனையோ சுரூபங்கள் எத்தனையோ ஊருக்குப் போயிருக்கின்றன. ஒன்றுக்கும் இப்படி ஒரு வரவேற்பைக் கண்டதில்லை. நான் வெட்கமில்லாமல் அழுதேன்.

கடைசி வீட்டு வாசலில் சப்பரம் நின்றது. முனியன் உள்ளே போய் ஒரு கை உப்பு அள்ளிவந்து, எப்படி வீசுவது என்று தெரியாமல் தம்பியைப் பார்த்தார். "வீசு அண்ணே" என்றார் சந்தியாகு. வீசினார். பாதி நாட்டாண்மையின் மீசையில் விழுந்தது. அவர் துடைத்துக்கொள்ளவில்லை, தோளில் தண்டு இருந்தது.

ஜூன் 14, புதன்.

சந்தியாகு குடும்பம் இரவு கோயில் வண்டிக்கடியில் படுத்திருந்தது. காலையில் நான் கிளம்பும்போது மேலத்தெருவிலிருந்து ஒரு வண்டி வந்து முக்கில் நின்றது. மூங்கில், பனையோலை, கயிறு. பின்னாலேயே நாட்டாண்மை.

"சும்மா தரேன்னு நெனைக்காதே" என்றார் சந்தியாகுவிடம், கடுகடுவென்று. "நல்லாத் தள்ளிக் கட்டு. அடுத்த வருசம் வர்றப்ப இடிக்கக் கூடாது."

அவர் சொன்னதைக் கீழத்தெரு முழுவதும் கேட்டது. அடுத்த வருஷம் என்றார். முனியன் மண் குழைக்கக் காலை விட்டபடியே என்னைப் பார்த்து, "ஞானஸ்நானத்துக்கு ஞானோபதேசம் எத்தினி நாளுங்க படிக்கணும்? எனக்கு மூளை கொஞ்சம் மட்டு" என்றார். தம்பியையே கேளும் என்றேன். சந்தியாகு மாட்டைப் பூட்டுகிற சாக்கில் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார்.

பெரம்பலூர் வரை பத்து மைல் அவரே வண்டி ஓட்டினார். வழி நெடுகப் பாடினார், சுருதிதான் சேரவில்லை. பெரம்பலூரில் திருச்சி பஸ்ஸுக்கு ஒரு ரூபாய் ஓரணா. சிறுவாச்சூரில் பஸ் நின்றுபோய், கண்டக்டர் கரி உலையைக் கிளறுகிற வரையில் மற்றப் பிரயாணிகளோடு காளியம்மன் கோயில் தேங்காய்க் கடை நிழலில் உட்கார்ந்திருந்தேன். மொத்தம் முப்பத்துநாலு மைல். அதில் அரை மைல் நாங்கள் தள்ளினது.

மாலையில் பாலக்கரையில் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். எங்கள் தெருவில் வருஷம் தவறாமல் மாதா சப்பரம் வரும். என் வாசலில் நிற்கும். பேண்டுச் சத்தத்தில் தூக்கம் கெடுகிறது, மெழுகு சொட்டிப் படி பாழாகிறது என்று நானே பலமுறை சலித்துக்கொண்டதுண்டு. அது வந்து நிற்க நாங்கள் ஒரு செங்கல்லைக்கூட நகர்த்தியதில்லை. அந்த வருஷம் மாதா திருநாளன்று, தண்டு என் வாசலில் தாழ்ந்தபோது, வாழ்க்கையில் முதல் முறையாகப் படியிறங்கித் தெருவில் முழந்தாளிட்டேன்.