மூன்றாவது வளைவின் மேல் மடிப்புடவை

சிவில் இன்ஜினீயரிங் முடித்துவிட்டுச் சிற்பம் படிக்கப் போனவள் நான். எதைப் பார்த்தாலும் எப்போது விழும் என்றுதான் முதலில் தோன்றும். என் முதல் சிற்பத்தைச் சுற்றிவந்த ஆசிரியர், இது சிற்பமில்லை, நல்ல ஸ்டாண்டு என்று மலையாளத்தில் சொல்லிவிட்டுப் போனார். சரிதான். உள்ளே காற்று நுழையக்கூட இடமில்லாமல் அத்தனை குறுக்குக் கம்புகள்.

செமஸ்டர் முடிவுக்கான வேலையைத் திறந்த வடிவமாகச் செய்வது என்று தீர்மானித்தேன். கல்லாற்றில் வாங்கிய ஈற்றை என்கிற மெல்லிய மூங்கில், காட்டுக்கொடி, கயிறு. ஆணி கிடையாது, பசை கிடையாது. மூன்று வளைவுகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கும். நடுவே ஓர் ஆள் நுழையும் அளவுக்கு வெற்றிடம். அந்த வெற்றிடத்தைத்தான் நான் செய்ய நினைத்தேன். மூங்கில் அதற்கு ஓரம்.

ஸ்ரீவராகத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் கட்டினேன். ஞாயிறு மாலை கயிறு தீர்ந்துவிட்டது. ஆரியசாலைக் கடைத்தெருவில் எல்லாம் அடைப்பு. மாடியில் துணி உலர்த்தும் கொடிக்கயிற்றை அவிழ்த்துக் கடைசி முடிச்சுகளைப் போட்டேன்.

நின்றது. ஆனால் மூன்றாவது வளைவு வெளிப்பக்கம் அதிகம் சாய்ந்திருந்தது. நாளை காலேஜுக்கு வண்டியில் போகும்போது பிரிந்துவிட்டால்? மதிப்பிட வருகிறவர்கள் முன்னால் சரிந்தால்? தோற்றால் ஒரு வருடம் போய்விடும். காலையில் வெற்றிடத்தின் குறுக்கே முட்டுக் கொடுத்துவிடலாம் என்று இரண்டு கம்புகளை நறுக்கி வைத்துவிட்டுப் படுத்தேன். மறுபடியும் ஸ்டாண்டுதான்.

காலையில் கம்புகளோடு மாடி ஏறினேன். மூன்றாவது வளைவின் நுனியில் அம்மாவின் ஒன்பது கஜப் புடவைகள் இரண்டு, சொட்டச் சொட்டத் தொங்கின.

மறுநாள் வீட்டில் திவசம். அதற்கு அம்மா மடிப்புடவை கட்டிக்கொண்டுதான் சமைப்பாள். நனைத்து உலர்த்திய அந்தப் புடவையை அவள் உடுத்தும்வரை வேறு யாரும் தொடக்கூடாது. கொடியை அவிழ்க்கும்போது இது எனக்கு நினைவே வரவில்லை.

"கயத்த நீ எடுத்துண்டுட்டே. நான் வேற எங்க ஒணத்தறது?" என்றாள் அம்மா. "ஒன் மூங்கில் மேல வாளி வாளியா தண்ணி விட்டுச் சுத்தம் பண்ணியாச்சு. மடியாக்கும், கிட்டப் போகாதே."

"அம்மா, அது தாங்காது."

"தாங்காததப் பின்ன என்னத்துக்குக் கட்டினே?"

கம்புகளைக் கீழே வைத்தேன். படிக்கட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஈரப் புடவையின் எடையை மனதில் கணக்குப் போட ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிட்டேன். காற்றடித்தபோது புடவைகள் உப்பி வளைவை இழுத்தன. அது தாழ்ந்தது, திரும்பி நிமிர்ந்தது. மறுபடி தாழ்ந்தது, மறுபடி நிமிர்ந்தது. ஒரு முடிச்சும் நழுவவில்லை. கொஞ்ச நேரத்தில் என் தோள்கள் தாமாகவே இறங்கின.

புடவை காய்ந்து அம்மா கை படாமல் ஒரு கோலால் எடுத்தபோது வாசலில் வண்டி வந்துவிட்டது. முட்டுக் கொடுக்க நேரமில்லை. இருந்திருந்தாலும் கொடுத்திருக்க மாட்டேன்.

காலேஜில் ஆசிரியர் குனிந்து வெற்றிடத்துக்குள் போய் நின்றார். மூன்றாவது வளைவைக் கையால் அழுத்தி விட்டார். அது ஆடி அடங்கியது. தாங்குமா என்று சோதித்துப் பார்த்தாயா என்று கேட்டார். ஈரத்துணி போட்டுப் பார்த்தேன் என்றேன். சிரித்துவிட்டு, இப்போது இதற்குள் மூச்சுவிட முடிகிறது என்றார். பாஸ்.

திரும்பும் வழியில் ஆரியசாலையில் இறங்கிப் புதுக் கயிறு வாங்கினேன். மாடியில் அந்த இரண்டு கம்புகளும் அப்படியே கிடந்தன. காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு, அம்மாவுக்குக் கொடி கட்டினேன்.